கடும் அலர்ஜி: எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும், அதற்கு முன் என்ன செய்ய வேண்டும்

என் அண்ணனைக் குளவி கொட்டியபோது முதலில் அரித்தது கொட்டிய இடம் அல்ல, உள்ளங்கை. இரண்டு கையையும் கால்சட்டையில் தேய்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் கழுத்தில் திட்டுத்திட்டாகத் தடிப்பு. நான் ஒரு அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்றேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "வயித்தப் பிரட்டுது, கழிப்பறைக்குப் போயிட்டு வர்றேன்" என்று எழுந்தார். நாலு அடி வைப்பதற்குள் சுவரோடு சரிந்துவிட்டார். முகம் வெளிறி, உதடு நீலம் பாரித்திருந்தது.

பிழைத்துக்கொண்டார், அட்ரினலின் ஊசி நேரத்துக்குக் கிடைத்தது. ஆனால் அன்று நான் இரண்டு தவறு செய்தேன். காத்திருந்தேன், அவரை எழுந்து நடக்கவும் விட்டேன். வேறு யாரும் இவற்றைச் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: இது வெறும் அலர்ஜியா, அனாபிலாக்சிஸா?

உடல் முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமைக்கு அனாபிலாக்சிஸ் என்று பெயர். வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால், எள் என உணவால் வரலாம். தேனீ, குளவி, சில வகை எறும்புகள் கொட்டுவதாலும், பென்சிலின் போன்ற மருந்துகளாலும், சில வலி மாத்திரைகளாலும் வரலாம்.

தோலில் மட்டும் தடிப்பு, அரிப்பு, உதடு லேசாக வீங்கியிருக்கிறது, ஆள் நன்றாகப் பேசுகிறார், மூச்சு சீராக இருக்கிறது என்றால் அலர்ஜி மாத்திரை போதும். ஆனாலும் அடுத்த சில மணி நேரம் அவரைத் தனியே விடாதீர்கள்.

தோல் அறிகுறியோடு கீழே உள்ளவற்றில் ஒன்றே ஒன்று சேர்ந்தாலும் அது அவசர நிலை:

- மூச்சுத்திணறல், இழுப்பு, விடாத இருமல், குரல் கம்முவது, தொண்டை அடைப்பது, எச்சில் விழுங்க முடியாமல் போவது, நாக்கு வீங்குவது
- தலைசுற்றல், மயக்கம், முகம் வெளிறுவது, நாடி பலவீனமாகத் துடிப்பது
- விடாத வாந்தி அல்லது கடும் வயிற்றுவலி

இன்னொரு விஷயத்தையும் மனதில் வையுங்கள். தடிப்பே இல்லாமலும் அனாபிலாக்சிஸ் வரும். தனக்கு ஆகாது என்று தெரிந்த பொருளைச் சாப்பிட்டவருக்கோ, பூச்சி கொட்டியவருக்கோ திடீரென்று மூச்சு வாங்கினாலும் தலை சுற்றினாலும் அதுவே போதும். தோலைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

குழந்தைகள் இதையெல்லாம் நம் வார்த்தையில் சொல்ல மாட்டார்கள். "நாக்குல முள்ளு குத்துது", "தொண்டைல ஏதோ மாட்டிக்கிச்சு" என்பார்கள். பேச்சு வராத குழந்தையாக இருந்தால் அழுகைச் சத்தம் கரகரப்பாக மாறும், எச்சில் வடியும், இல்லையென்றால் சட்டென்று துவண்டு அமைதியாகிவிடும். அந்த அமைதியைத் தூக்கம் என்று நினைத்துவிடக் கூடாது.

"இதற்கு முன் சாப்பிட்டபோது ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் சொல்வார்கள். இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட கதையே அதற்குப் பதில். 1902-ல் சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள் கடல் அனிமோன் என்னும் உயிரியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தினார்கள். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய்கள், சில வாரம் கழித்து அதைவிடக் குறைவான அளவு கொடுத்ததும் சிறிது நேரத்தில் இறந்தன. அனாபிலாக்சிஸ் என்ற பெயரை வைத்தவர்கள் இவர்கள்தான். ரிஷேக்கு இதற்காக 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, போன முறை தப்பித்தது இந்த முறைக்கு உத்தரவாதம் ஆகாது.

படி 2: முதலில் அட்ரினலின்

எவ்வளவு நேரம் இருக்கிறது? பிரிட்டனில் அனாபிலாக்சிஸ் மரணங்களை ஆராய்ந்தபோது, இதயமோ மூச்சோ நிற்பதற்கு ஆன நேரம் உணவு அலர்ஜியில் நடுவாக 30 நிமிடம், பூச்சிக்கடியில் 15 நிமிடம், ஊசி மருந்தில் வெறும் 5 நிமிடம் என்று தெரிந்தது. மாத்திரை வயிற்றில் கரைந்து வேலை செய்ய அந்த நேரம் போதாது. அதைவிட முக்கியம், அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும். அடைக்கும் தொண்டையைத் திறக்காது, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. அந்த இரண்டையும் செய்வது அட்ரினலின். எபிநெஃப்ரின் என்பதும் இதேதான்.

ஆட்டோ இன்ஜெக்டர் (பேனா போன்ற தானியங்கி ஊசி) கையில் இருந்தால்:

1. பேனாவை முழு உள்ளங்கையால் இறுகப் பிடியுங்கள். எந்த முனையிலும் கட்டைவிரலை வைக்காதீர்கள். தலைகீழாகப் பிடித்திருந்தால் ஊசி உங்கள் விரலில் ஏறிவிடும்.
2. பாதுகாப்பு மூடியைக் கழற்றுங்கள்.
3. தொடையின் வெளிப்பக்கம், இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் வைத்து 'க்ளிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். துணி மேலேயே போடலாம். கால்சட்டைப் பையில் சாவி, சில்லறை இருந்தால் அந்த இடம் வேண்டாம்.
4. அப்படியே 3 எண்ணும்வரை பிடியுங்கள். சில பேனாக்களுக்கு 10 எண்ண வேண்டும். உங்களுடையதில் எழுதியிருப்பதை இன்றே படித்து வையுங்கள்.
5. மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழந்தை என்றால் காலை அசையாமல் பிடித்துக்கொள்வது மிக முக்கியம். துள்ளினால் ஊசி தொடையைக் கிழித்துவிடும். போட்டதும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும். பயப்பட வேண்டாம், மருந்து வேலை செய்கிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கும்.

போடலாமா வேண்டாமா என்று சந்தேகமா? போட்டுவிடுங்கள். தேவையில்லாமல் போட்ட ஒரு பேனா ஊசியைவிடத் தாமதமாகப் போட்ட ஊசிதான் பெரிய ஆபத்து. ஆஸ்துமா உள்ளவருக்கும் முதலில் அட்ரினலின், அதற்குப் பிறகுதான் இன்ஹேலர்.

பேனா இல்லையா? வீட்டு வைத்தியத்தில் ஒரு நிமிடத்தைக்கூடச் செலவழிக்காமல் நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: படுக்க வையுங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள்

பக்கத்தில் ஒருவர் இருந்தால் நீங்கள் ஊசி போடும்போதே அவர் போன் செய்யட்டும். "அனாபிலாக்சிஸ்" என்ற சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள். அட்ரினலின் வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியட்டும்.

அவரைத் தட்டையாகப் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் காலை நீட்டி உட்காரலாம். கர்ப்பிணி என்றால் இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுத்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்து.

எழுந்து நிற்க விடவே கூடாது. இந்த நிலையில் ரத்தக்குழாய்கள் விரிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதியும் வெளியே கசிந்துவிடுகிறது. நிமிர்ந்ததும் மிச்ச ரத்தம் காலுக்கு இறங்கி, இதயத்துக்குத் திரும்ப ஒன்றுமில்லாமல் போகிறது. அண்ணனுக்கு அந்த நாலு அடியில் நடந்தது இதுதான் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். கழிப்பறை அவசரம் என்றாலும் சரி, இப்போது தேவலாம் என்று அவரே சொன்னாலும் சரி, படுத்தே இருக்கட்டும். ஆம்புலன்ஸுக்கும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

பூச்சியின் கொடுக்கு தோலில் இருந்தால் நகத்தால் வழித்து எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு வேகமாக எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு.

படி 4: ஐந்து நிமிடம் கழித்தும் குறையவில்லை என்றால்

இரண்டாவது பேனாவை மறு தொடையில் போடுங்கள். அதனால்தான் எப்போதும் இரண்டு வைத்திருக்கச் சொல்கிறார்கள். மூச்சு நின்றுவிட்டால் உடனே நெஞ்சை அழுத்தி சிபிஆர் தொடங்குங்கள்.

படி 5: தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள்

ஊசி போட்ட கால் மணி நேரத்தில் ஆள் தேறிச் சிரிக்கலாம். அப்போது வீட்டில் எல்லோரும் "சரியாகிவிட்டதே, எதற்கு ஆஸ்பத்திரி?" என்பார்கள். தயவுசெய்து அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அட்ரினலின் உடலில் அதிக நேரம் தங்காது. அது இறங்கியபின் சிலருக்கு அறிகுறிகள் திரும்ப வரும். பெரும்பாலும் சில மணி நேரத்தில், அபூர்வமாக ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரலாம். அதனால்தான் பல மணி நேரம் கண்காணிப்பில் வைக்கிறார்கள். பயன்படுத்திய பேனா, சாப்பிட்ட உணவின் உறை, மருந்தின் அட்டை எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போங்கள். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். அவர்களுக்கு அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

வீடு திரும்பும் முன் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: பேனாவுக்கோ அதற்கு மாற்றான ஊசிக்கோ சீட்டு, அலர்ஜி நிபுணரைப் பார்ப்பதற்கான கடிதம். தேனீ, குளவி விஷத்துக்குச் சில ஆண்டுகள் தொடர்ந்து போட்டு, உடலை அந்த விஷத்துக்குப் பழக்கும் இம்யூனோதெரபி ஊசி நல்ல பலன் தருகிறது. அண்ணன் இப்போது அதைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பேனாவை வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள், பிரீசரிலும் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை அதன் சின்ன கண்ணாடி ஜன்னல் வழியே பாருங்கள். மருந்து பழுப்பாகவோ கலங்கலாகவோ தெரிந்தால், காலாவதித் தேதி மிச்சம் இருந்தாலும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.