ஆச்சியின் கை நின்ற இடம்: மேடைப் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேடைப் பேச்சு பழகும் மாணவர்கள் செய்யும் தவறுகள் பலவகை. ஆனால் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் எப்படித் தெரிகிறோம், நம் குரல் எப்படிக் கேட்கிறது என்பதிலேயே கவனம் போய்விடுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன போய்ச் சேருகிறது என்று நாம் பார்ப்பதே இல்லை. பாளையங்கோட்டையில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது வகுப்பறை அல்ல, ஊரில் இருக்கும் என் ஆச்சி.

முதலாம் ஆண்டில், எங்கள் தாமிரபரணி ஆற்றின் பழைய பெயரான ‘பொருநை’ என்ற தலைப்பில் ஒரு பேச்சுப் போட்டி. ஐந்து நிமிடம். திண்ணையில் ஆச்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். “பொதிகையில் பிறந்து, பொங்கிப் பாய்ந்து, பொன் விளையும் பூமியாக்கி…” என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் போனேன். ஆச்சியின் விரல்கள் காம்பைப் பிடித்து இலையை உருவுவதும், காம்பை முற்றத்தில் போடுவதுமாக ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தன. முடித்ததும் நிமிர்ந்து, “நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருகிட்டட்டி பேசுத?” என்றாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, அதற்கு முந்தின மாதம் வந்த வெள்ளத்தைப் பற்றிச் சும்மா சொல்ல ஆரம்பித்தேன். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குறுக்குத்துறை முருகன் கோவில் ஆற்றுக்குள் இருக்கிற கோவில். அதை மூழ்கடித்துக்கொண்டு ஓடிய தண்ணீரின் நிறம், அதில் வந்த வாழைமரங்கள், நெல்லை ஜங்ஷன் பக்கம் கடைகளுக்குள் நின்ற தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே போனேன். வாழைமரத்துக்கு வந்தபோது ஆச்சியின் கை நின்றுவிட்டது. பாதி உருவிய காம்பு விரலிடுக்கில் அப்படியே இருந்தது. அன்றைக்கு எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. இப்போதும் ஒரு பேச்சைத் தயாரித்தால், ஆச்சியின் கை எங்கே நிற்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம்

மாணவர்கள் அதிகமாகச் செய்வதும், அதிகமாக அடிபடுவதும் இதில்தான். நானும் செய்தேன். ஒரு கல்லூரியில் நடந்த போட்டியில், இரண்டாவது நிமிடத்தில் ஓர் ‘ஆகவே’ மறந்துபோனது. அந்த ஒரு சொல் போனதும் அதற்குப் பின்னால் இருந்த பத்தி முழுவதும் போய்விட்டது. திரும்ப முதல் வரியிலிருந்து சொல்லிப் பார்த்தேன். அதே இடத்தில் அதே மாதிரி நின்றது. அரங்கில் எல்லாரும் பொறுமையாகத்தான் இருந்தார்கள். எனக்குத்தான் அவர்கள் முகம் ஒன்றுகூடத் தெரியவில்லை. கண் திறந்திருந்தாலும், உள்ளே இருக்கும் தாளைத்தானே வாசித்துக்கொண்டிருந்தேன்.

பழைய ரோமானியர்கள் பேச்சாளரின் வேலையை ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள்: சொல்ல வேண்டியதைக் கண்டெடுப்பது, வரிசைப்படுத்துவது, நல்ல சொற்களில் அமைப்பது, நினைவில் வைப்பது, மேடையில் வழங்குவது. நம் போட்டிகளில் மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும்தான் உழைப்பு முழுவதும் போகிறது. வரிசை சரியாக இல்லாததால் நினைவு மொத்தப் பாரத்தையும் சுமக்கிறது, தாங்க முடியாமல் விழுகிறது.

அவர்கள் நினைவுக்குச் சொன்ன வழி எளிமையானது. நன்றாகத் தெரிந்த ஒரு கட்டிடத்தை மனதில் வைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு கருத்தை வைத்துவிட வேண்டும். பேசும்போது மனதுக்குள் நடந்துபோய் ஒவ்வொன்றாக எடுக்கலாம். எனக்கு அப்படிப் பெரிய கட்டிடம் எதுவும் பழக்கமில்லை. பழகியது செங்கோட்டை–நெல்லை பாசஞ்சர்தான். வீரவநல்லூரில் ஏறினால் காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை, டவுன், அப்புறம் ஜங்ஷன். இந்த வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

அதனால் அதே பொருநைப் பேச்சை ரயிலில் ஏற்றினேன். வீரவநல்லூரில் ஆச்சியின் கேள்வி. காருகுறிச்சியில் ஆறு நிரப்பும் குளம், குளத்து மண், மண்பானை. சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாயும் நெல்வயலும். பேட்டையில் ஆற்றுக்குள் வந்து விழும் கழிவு. டவுனில் குறுக்குத்துறை. ஜங்ஷனில் வெள்ளம். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடம். மற்றதெல்லாம் அந்தந்த ஸ்டேஷனில் இறங்கும்போது வருகிற சொற்கள். ஒரு ஸ்டேஷன் விட்டுப்போனாலும் அடுத்தது கண்டிப்பாக வரும். வண்டி நின்றுவிடாது.

உங்களுக்குப் பழகியது பஸ் ரூட்டாக இருக்கலாம், வீட்டிலிருந்து ஆற்றுக்குப் போகும் பாதையாக இருக்கலாம். யோசிக்காமல் வரிசை வர வேண்டும், அவ்வளவுதான் தேவை.

வணக்கத்திலேயே ஒரு நிமிடம்

‘அவைத்தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே, ஆன்றோர்களே, சான்றோர்களே, என் சக போட்டியாளர்களே…’ இதை ஒருமுறை செல்போனில் பதிவு செய்து நேரம் பார்த்தேன். ஐம்பது விநாடி. ஐந்து நிமிடப் பேச்சில் ஆறில் ஒரு பங்கு. அரங்கம் மிகவும் விழிப்பாக இருப்பது அந்த முதல் நிமிடத்தில்தான். அதைப் பெயர்ப்பட்டியலுக்குக் கொடுப்பது பெரிய இழப்பு. ‘எல்லாருக்கும் வணக்கம்’ என்று சொல்லிவிட்டு நேரே வெள்ளத்துக்குள் இறங்கலாம். மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

இதோடு சேர்ந்தது நீளம். நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொற்கள்தான் வருகின்றன. அப்படியென்றால் ஐந்து நிமிடத்துக்கு நானூறு சொற்கள். நான் எழுநூறு எழுதிக்கொண்டு போய், அதை அடைத்துவிட ஓடுவேன். ‘பலசொல்லக் காமுறுவர் மன்றமா சற்ற சிலசொல்லல் தேற்றா தவர்’ என்ற குறளைப் பள்ளியிலேயே படித்திருக்கிறேன். குற்றமில்லாத சில சொற்களால் சொல்லத் தெரியாதவர்தான் நிறையச் சொல்ல ஆசைப்படுவார் என்பதன் அருமை மேடையில் மணி அடித்தபோதுதான் உறைத்தது.

அடுக்குமொழி

எதுகை மோனை தமிழுக்கு அழகு. அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். நம் பக்கத்து ராஜவல்லிபுரத்தில் 1896-இல் பிறந்த ரா. பி. சேதுப்பிள்ளை அடுக்குமொழியால் கேட்பவர்களைக் கட்டிப்போட்டவர். ‘சொல்லின் செல்வர்’ என்ற பட்டம் பெற்றவர். ஆனால் அவருடைய அடுக்குக்கு அடியில் கம்பனும் கல்வெட்டும் ஊர்ப்பெயர் ஆராய்ச்சியும் கிடந்தன. சொல்ல ஒரு பொருள் இருந்தது, அது ஓசையோடு வந்தது. என் ‘பொதிகை, பொங்கி, பொன்’னுக்கு அடியில் ஒன்றும் இல்லை. முதலில் ‘பொ’வைப் பிடித்துவிட்டு அதற்கேற்ற கருத்தைத் தேடினேன். ஆச்சியின் கை நிற்காததற்குக் காரணம் அதுதான்.

இன்னொருவர் குரலை வாங்கிக்கொண்டு பேசுவதும் இதைப் போன்றதுதான். டிவியில் கேட்ட பேச்சாளரின் இழுவையும் ஏற்ற இறக்கமும் நம் வாயில் ஒட்டாது. நெல்லைப் பேச்சின் ராகம் நமக்கு இருக்கிறது; மேடைக்காக அதைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை. இலக்கணம் சரியாக இருக்கட்டும், ராகம் நம்முடையதாக இருக்கட்டும்.

இடம் விடாமல் பேசுவது

பயத்தில் வேகம் கூடும். இதற்கு எல்லாரும் ‘மூச்சை இழுத்து விடு’ என்பார்கள். சரிதான், ஆனால் எனக்கு உதவியது வில்லுப்பாட்டு. எங்கள் பக்கத்துக் கோவில் கொடைத் திருவிழாக்களில் சின்ன வயதிலிருந்து கேட்டது. வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து வீசுகோலால் தட்டிக்கொண்டு கதை சொல்லும் அண்ணாச்சி ஒரு வரி சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்பார். குடமும் உடுக்கும் ஒரு சுற்று வரும். அடுத்த வரி அதற்கப்புறம்தான். அந்த ‘ஆமா’ விழும் நேரத்தில், முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் கேட்டதை உள்ளே வாங்கிக்கொள்ளும். நள்ளிரவு தாண்டியும் யாரும் எழுந்து போகாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முக்கியமான வாக்கியம் முடிந்ததும் நானும் மனதுக்குள் ஓர் ‘ஆமா’ போட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு விநாடியில் எதிரே இருக்கும் ஒரு முகத்தைப் பார்க்கிறேன். வேகம் தானாகக் குறைந்துவிட்டது.

மைக்கைப் பற்றி ஒன்று. வாயோடு ஒட்டிப் பிடித்தால் ‘ப’வும் ‘ப்ப’வும் வெடிக்கும். ஒரு சாண் தள்ளி வைத்து, தலையைத் திருப்பும்போது மைக் வாயைவிட்டு விலகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பேச்சுக்கலை என்றால் வித்தை என்று நினைப்பது

என் நண்பர்கள் பலருக்கு இந்த எண்ணம் உண்டு. இல்லாததை இருப்பதாகக் காட்டும் சாமர்த்தியம்தான் பேச்சுக்கலை என்பார்கள். அரிஸ்டாட்டில், ஒருவரை நம்பவைக்க மூன்று வழி சொன்னார்: பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவர் மனதில் எழும் உணர்வு, வாதத்தின் வலு. தன் நூலில் இளைஞர்கள் எப்படிப்பட்டவர்கள், முதியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்றுகூடத் தனித்தனியாக விளக்கியிருக்கிறார். கேட்பவரைத் தெரிந்துகொள்வதும் இந்தக் கலையின் பெரிய பகுதிதான்.

இதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தில் வ. உ. சிதம்பரமும் சுப்பிரமணிய சிவாவும் பேசினார்கள். கேட்டவர்கள் கூலியும் விடுமுறையும் கேட்டு நின்ற தொழிலாளிகள். பேசிய வ.உ.சி., 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி வெள்ளைக்காரனின் பகையைச் சம்பாதித்திருந்தவர். மார்ச் 12 அன்று கைது. மறுநாள் திருநெல்வேலியே கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் இறந்தார்கள். பேசிய பேச்சுக்காகச் சிவாவுக்குப் பத்து ஆண்டு, வ.உ.சி.க்கு மொத்தம் நாற்பது ஆண்டு என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில்தான் தண்டனை குறைந்தது. அந்தப் பேச்சில் அடுக்குமொழி எவ்வளவு இருந்தது என்று யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். சொன்னவர் சொன்னதற்காக எதையும் இழக்கத் தயாராக இருந்தார் என்பது கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது. மூன்று வழியில் முதல் வழி அதுதான், அதற்கு மேடையில் ஒத்திகை பார்க்க முடியாது.

பட்டிமன்றத்தில் எதிரணி பேசும்போது நம் குறிப்பைப் புரட்டிக்கொண்டிருப்பதும் தவறுதான். அவர் கடைசியாகச் சொன்ன வரியிலிருந்து தொடங்கிப் பாருங்கள், அரங்கம் நிமிர்ந்து உட்காரும்.

தேய்ந்து முடிவது

பவணந்தி முனிவரின் நன்னூல், ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், வெற்றெனத் தொடுத்தல் எல்லாம் அதில் உண்டு. நூலுக்குச் சொன்னது பேச்சுக்கும் அப்படியே பொருந்துகிறது. எனக்கு மிகவும் பிடித்தது ‘சென்று தேய்ந்து இறுதல்’. நன்றாகக் கிளம்பி, போகப் போக மெலிந்து, கடைசியில் இல்லாமலே போவது. ‘ஆகவே, இறுதியாக, கடைசியாக ஒன்று சொல்லி’ என்று மூன்று முறை முடிக்கும் பேச்சுகளைக் கேட்டிருப்பீர்கள். கடைசி வாக்கியம் எது என்று தெரியாமல் மேடை ஏறுவதால் வருவது இது. அதனால்தான் பேச்சைத் தயாரிக்கும்போது முதலில் ஜங்ஷனை எழுதுகிறேன், அப்புறம்தான் வீரவநல்லூர்.

போன மாதம் அதே பொருநைப் பேச்சை, புது வரிசையில், ஆச்சியிடம் பேசிக் காட்டினேன். இந்தமுறை மடியில் பயறு இருந்தது, முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். பேட்டை வரைக்கும் முறம் ஆடியது. டவுனில் நின்றது. ஜங்ஷனில் நான் முடித்த பிறகும் அது அசையவில்லை.

“தண்ணி வடிய எத்தன நாளாச்சுட்டி?” என்று கேட்டாள். நான் திண்ணையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.