முதியோரை வீட்டில் பார்த்துக்கொள்பவருக்காக கிராண்ட்-இன்-எய்ட் கேட்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் படுத்த படுக்கையான பெரியவரைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மகளோ மருமகளோதான். சம்பளமும் இல்லை, விடுப்பும் இல்லை. முதியோர் கிராண்ட் (அரசு உதவித்தொகை) வாங்குபவருக்கு முழுநேரமும் ஆள் துணை தேவைப்பட்டால், அதை வழங்கும் அரசு முகமையான சாஸா (SASSA) கூடுதலாக கிராண்ட்-இன்-எய்ட் என்ற தொகையும் தருகிறது. 2025 ஏப்ரலில் அது மாதம் 560 ராண்டாக இருந்தது. உழைப்புக்கு ஈடாகாது, ஆனாலும் கேட்டு வாங்குங்கள்.

பெரியவருக்கு ஏற்கெனவே முதியோர் கிராண்டோ ஊனமுற்றோர் கிராண்டோ வந்துகொண்டிருக்க வேண்டும். அரசு மானியம் பெறும் முதியோர் இல்லத்தில் இருப்பவருக்குக் கிடைக்காது.

பலருக்குச் சிக்கல் வருவது மருத்துவ அறிக்கையில்தான். 'பக்கவாதம், சர்க்கரை' என்று நோயின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. எதற்கெல்லாம் அடுத்தவர் கை வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். அதனால் ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள்: 'இரவு 2 மணி, திருப்பிப் படுக்க வைத்தது, நாப்கின் மாற்றியது. காலை 7, கஞ்சி ஊட்டியது, முக்கால் மணி நேரம்.' அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். டாக்டர் முன்னால் "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லாத பெரியவர் குறைவு. மானம்தான் காரணம், முன்பே பக்குவமாகப் பேசி வைத்து, பார்த்துக்கொள்பவரும் கூடவே உள்ளே போக வேண்டும்.

அடையாள அட்டை, மூன்று மாதத்துக்கு உட்பட்ட மருத்துவ அறிக்கை ஆகியவற்றோடு சாஸா அலுவலகத்துக்குப் போங்கள். பெரியவரால் நகர முடியாவிட்டால் குடும்பத்தில் ஒருவர் மருத்துவர் கடிதத்தோடு போய், வீட்டுக்கு வந்து பார்க்கும்படி கேட்கலாம். விண்ணப்பம் இலவசம், பணம் கேட்கும் ஏஜென்டை நம்பாதீர்கள். தேதியிட்ட ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். ஒப்புதல் கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள். மறுத்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இலவச எண்: 0800 60 10 11.

தொகை பெரியவரின் கணக்கில்தான் விழும். அங்கிருந்து கரண்ட் பில், மளிகை என்று கரைந்துவிடும். ஆகவே விண்ணப்பிக்கும்போதே அண்ணன் தம்பி, நாத்தனார் எல்லோரையும் வைத்துப் பேசி, கிராண்ட் வரும் அன்றே அந்தக் கூடுதல் தொகையைப் பார்த்துக்கொள்பவர் கையில் கொடுப்பதென்று முடிவு செய்யுங்கள். தூக்கத்துக்கும் அப்போதே வழி செய்யுங்கள். படுக்கைப்புண் வராமலிருக்க சுமார் இரண்டு மணிக்கொரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இதை ஒருவரே எல்லா இரவும் செய்ய முடியாது. வாரத்தில் இரண்டு இரவு யார் வந்து படுப்பது என்று பெயரோடு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.