வரலட்சுமி நோன்பு கலசம் வைக்கிறது எப்படி

ஆவணி பௌர்ணமிக்கு முன்னாடி வர்ற வெள்ளிக்கிழமைதான் நோன்பு, சில வருஷம் அது ஆடியிலயே வந்துடும், அதனால காலண்டர் பாத்துக்கோங்க.

வியாழக்கிழமையே சொம்பை நல்லா தேச்சு கழுவி, ஈரம் துளிகூட இல்லாம துடைச்சிட்டு (இது ரொம்ப முக்கியம், இல்லன்னா உள்ள அரிசி ஊறிடும்) பச்சரிசி, வெத்தலை பாக்கு, விரலி மஞ்சள், எலுமிச்சை, காசு எல்லாம் போட்டு, வாய்ல மாவிலை சொருகி மஞ்சள் பூசின தேங்காயை வைங்க, அதுமேல அம்மன் முகத்தை ஆடாம இறுக்கிக் கட்டணும். தாழம்பூ கிடைச்சா விடாதீங்க, அம்மனுக்கு அவ்ளோ அழகு.

வெள்ளிக்கிழமை பூஜை, கொழுக்கட்டை நைவேத்யம், அப்புறம் ஒன்பது முடிச்சு போட்ட மஞ்சள் சரடை வலது கையில கட்டிக்கோங்க. மறுநாள் புனர்பூஜை (அம்மனுக்கு மறுபடி செய்யற பூஜை) முடிச்சு கலசத்தை அரிசிப் பானைக்குள்ள வைங்க, அப்புறமா கலசத்துக்குள்ள போட்ட அரிசியில பாயசம் வைக்கலாம்.