ஃபோம் கவசமும் வெதரிங்கும்: எங்கே சொதப்புகிறது?

அறிவியல் புனைவில் வரும் கூலிப்படை வீரர்களைப் போல வேடமிட, அவர்களின் கவசத்தை ஈவிஏ ஃபோம் என்ற மெத்தென்ற ஷீட்டில் செய்பவர்களுக்கு, முதல் முயற்சியிலேயே வடிவம் ஓரளவு வந்துவிடும். அதற்கு அப்புறம்தான் சிக்கல். கையை மடக்கினால் மூட்டு பிளக்கும், விரல் பட்ட இடத்தில் பெயின்ட் உரியும், வெதரிங்குக்காக, அதாவது பழகித் தேய்ந்த தோற்றத்துக்காக, வைத்த அடிபட்ட தடமெல்லாம் மேலே தீற்றிவிட்டது போலத் தெரியும். பெரும்பாலும் இவற்றுக்கு வேர் ஒன்றுதான்: வேலையின் வரிசை. அடுத்து வரப்போகும் அடுக்கை மனதில் வைக்காமல் இப்போதைய அடுக்கை முடித்துவிடுகிறார்கள்.

அளவு எடுக்கும்போதே

உள்ளே போடப்போகும் உடையை அணிந்துகொண்டுதான் அளக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது ஃபோமின் தடிமனில். தட்டையான ஷீட்டை வளைத்துக் குழாயாக்கினால் உட்பக்கம் சுருங்கும். வெட்டிய நீளத்தைவிட உட்சுற்றளவு ஏறக்குறைய தடிமனின் 3.14 மடங்கு குறையும். 10 மி.மீ. ஃபோமில் அது 31 மி.மீ., 5 மி.மீ. ஃபோமில் 16 மி.மீ. உடையோடு சேர்த்து முன்கை 27 செ.மீ. இருந்தால், 10 மி.மீ. ஷீட்டை 27 + 3 + தளர்வுக்கு 2, ஆக 32 செ.மீ. நீளத்துக்கு வெட்ட வேண்டும். மணிக்கட்டுப் பக்கம் குறுகலாக இருந்தால் கை உள்ளே நுழையுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நுழையாவிட்டால் நீளவாக்கில் ஒரு திறப்பு விட்டு வெல்க்ரோ வைப்பது ஒன்றே வழி.

இணையத்திலிருந்து இறக்கிய கவச வரைபடத்தை 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற அமைப்பில் அச்சிட்டால் அளவு மாறிவிடும். 100 சதவீதத்தில் அச்சிட்டு, அதிலுள்ள அளவுக்கோட்டை ஸ்கேலால் சரிபாருங்கள். ஃபோமில் கை வைப்பதற்கு முன் அட்டையில் ஒரு மாதிரி செய்து மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். உட்காரும்போது மார்புக் கவசம் தாடையில் இடித்தால் கீழ்விளிம்பைக் குறைக்க வேண்டும். அட்டையில் அது ஐந்து நிமிட வேலை.

வெட்டு, ஒட்டு, சூடு

ஃபோம் கட்டர் பிளேடை வேகமாக மழுங்கடிக்கும். வெட்டு சொரசொரவென்று வந்தால் உடனே முனையை உடைத்துப் புது முனைக்கு மாறுங்கள். ஒரே இழுப்பில் அறுக்காமல், பிளேடை நிமிர்த்திப் பிடித்து இரண்டு மூன்று இழுப்பில் வெட்டுங்கள். சாய்ந்த வெட்டு மூட்டில் பள்ளமாகத் தெரியும்.

ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் பசையை இரு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வழக்கமாக 10 முதல் 15 நிமிடம் ஆகும். ஈரத்தோடு சேர்த்தால் கரைப்பான் உள்ளே சிக்கிக்கொண்டு, வளைக்கும்போது மூட்டு திறந்துவிடும். மொட்டை மாடி, பால்கனி போன்ற திறந்த இடத்தில் ஒட்டுங்கள். துணி முகக்கவசமும் என்95-உம் இந்த ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சூட்டில் உருக்கி ஒட்டும் குச்சிப்பசையை (ஹாட் க்ளூ) நம்பி முக்கிய மூட்டுகளை ஒட்டுவதும் தவறு: கறுப்புக் கவசம் வெயிலில் சூடேறும்போது அது இளகிவிடும்.

உப்புத்தாளால் தேய்த்து முடித்த ஃபோமின் துளைகள் திறந்தே இருக்கும். அப்படியே பெயின்ட் அடித்தால் உறிஞ்சிக்கொள்ளும். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே காட்டினால் மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும். துளை மூடியதற்கு அதுதான் அடையாளம். அதன் பிறகு மறுபடி உப்புத்தாள் போட்டால் அந்த இடத்துக்கு மறுபடியும் சூடு காட்ட வேண்டும். அடுத்து ரப்பர் ஸ்ப்ரே, மூன்று நான்கு மெல்லிய பூச்சு. வளையும் பாகங்களில் கெட்டியான புட்டி பூசாதீர்கள், விரிசல் விடும். மழைநாளில் ஸ்ப்ரே செய்தால் வெண்மூட்டம் படியும்.

வெதரிங்: சேதத்தை முதலில் திட்டமிடுங்கள்

பெரும்பாலான கவசங்கள் தோற்பது இங்கேதான். முழுக்க நிறம் பூசி முடித்துவிட்டு, தூரிகையில் வெள்ளி எடுத்து விளிம்புகளில் தீற்றுகிறார்கள். உண்மையான கீறலில் பெயின்ட் போய் உலோகம் கீழே தெரியும். தீற்றிய வெள்ளியோ நிறத்துக்கு மேலே புடைத்து நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே உலோகம் முதலில் வர வேண்டும்.

அடியில் பளபளப்பான கறுப்பு, அது காய்ந்தபின் அலுமினிய வெள்ளி, அதன் மேல் மெல்லிய கிளியர் கோட், அதாவது நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு. கிளியர் அடித்தால் வெள்ளி சற்று மங்கும் என்று தயங்க வேண்டாம். போரில் உழைத்த உலோகம் கண்ணாடி போல மின்னாது. கிளியர் இல்லாவிட்டால் அடுத்த கட்டத்தில் வெள்ளியே உரிந்து வந்துவிடலாம். இது நன்றாகக் காய்ந்தபின், அடிபட வேண்டிய இடங்களில் திரவ லேட்டக்ஸையோ (ரப்பர் பால்) வெள்ளைப் பற்பசையையோ சின்னச் சின்னதாக வையுங்கள். அதற்கு மேல் பிரைமர் (அடிப்பூச்சு) நிறம், சாம்பலோ மஞ்சளோ. அது காய்ந்ததும் அதே இடங்களில் முன்பைவிடச் சற்று அகலமாக இரண்டாவது முறை வைத்து, மேல் நிறத்தை அடியுங்கள். தொட்டால் ஒட்டாத பதத்தில், வைத்த லேட்டக்ஸ் அல்லது பற்பசை எல்லாவற்றையும் ஈரத்துணியால் தேய்த்தோ விரலால் உருட்டியோ எடுத்துவிடுங்கள். நடுவில் உலோகம், அதைச் சுற்றிப் பிரைமர் வளையம், அப்புறம் மேல் நிறம் என்று உண்மையான உரிதல் கிடைக்கும். மறுநாள்வரை விட்டால் பெயின்ட் இறுகி, எடுப்பது கடினமாகும். வாஸ்லைன் வைப்பவர்களும் உண்டு. அதன் பிசுக்கை சோப்புத் தண்ணீரால் முழுமையாகக் கழுவாவிட்டால் அடுத்த பூச்சு பிடிக்காது.

எங்கே உரிய வேண்டும்? துப்பாக்கி வார் உரசும் தோள், பெல்ட் படும் இடம், முழங்கை முனை, தலைக்கவசத்தைக் கழற்றும்போது விரல் பிடிக்கும் விளிம்பு. வலக்கைக்காரர் என்றால் வலத்தோளில் தேய்மானம் கூடுதலாக இருக்கும். எல்லாப் பாகத்திலும் ஒரே அளவில் புள்ளி வைத்தால் அது துணியில் அச்சிட்ட டிசைன் போலாகிவிடும்.

அழுக்கு ஏற்றும் வாஷுக்கு (நீர்த்த பெயின்ட் பூச்சு) வெறும் கறுப்பு வேண்டாம், புகைக்கரி போலத் தெரியும். கறுப்பு அக்ரிலிக்கோடு அடர்பழுப்பு சேர்த்து, ஐந்தாறு மடங்கு தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்புத் திரவமும் கலந்துகொள்ளுங்கள். பளபளப்பில்லாத மேட் பரப்பு இதை உறிஞ்சிக் கறையாக்கிவிடும். அதனால் அரைப்பளபளப்புக் கிளியருக்கு மேல் பூசுங்கள். ஒரு சமயத்தில் ஒரு பாகம் மட்டும். ஓரிரு நிமிடத்துக்குள், மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். மேசையில் படுக்கவைத்துப் பூசினால் அழுக்கு குட்டையாகத் தேங்கும், வழிந்த தடம் கண்ட திசையில் போகும். உடம்பில் நிற்கும் நிலையிலேயே பாகத்தைத் தொங்கவிடுங்கள். துருவை இரும்பாகத் தெரிய வேண்டிய ஆணி, போல்ட்டுகளுக்குக் கீழே மட்டும் வையுங்கள். அலுமினியமாகக் காட்டிய தகட்டில் ஆரஞ்சுத் துரு வந்தால் நம்ப முடியாது.

புழுதிக்கு முல்தானி மட்டி போதும், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். படப்பிடிப்புகளில் உடைகளை அழுக்காக்கப் பயன்படுத்தும் ஃபுல்லர்ஸ் எர்த் இதே வகைக் களிமண்தான். பூட்ஸ், கெண்டைக்கால், முழங்கால் என்று கீழிருந்து மேலே குறைந்துகொண்டே போகட்டும். மேட் கிளியர் அடித்தால் பாதிப் புழுதி மறைந்துவிடும். எனவே தேவைக்கு மேல் பூசி, தூரத்திலிருந்து லேசாக ஸ்ப்ரே செய்து, மேலே இன்னொரு முறை தூவுங்கள். தூவும்போது தூசி மாஸ்க் அவசியம். மேட் பூச்சுக்குப் பிறகு விளிம்புகளில் பென்சில் கிராஃபைட்டைத் தேய்த்தால் இழந்த உலோக மினுக்கம் அளவாகத் திரும்பும்.

கவசத்துக்கு மட்டும் வயதேற்றிவிட்டு உள்ளுடையைக் கடையில் வாங்கிய மடிப்போடு போடுகிறார்கள். பருத்தியைத் தேயிலைத் தண்ணீரில் ஊறவைக்கலாம். பாலியெஸ்டரில் அது சரியாகப் பிடிக்காது, நீர்த்த பழுப்பு அக்ரிலிக்கைத் தெளிக்க வேண்டும். முழங்கால், முழங்கை, ஓரங்களை உப்புத்தாளால் தேயுங்கள்.

போட்டுக்கொண்டு நிற்க

ஒட்டும் பின்புறம் உள்ள வெல்க்ரோ வியர்வையில் கழன்றுவிடும். 25 மி.மீ. நைலான் நாடாவில் வெல்க்ரோவைத் தைத்து, நாடாவை ரப்பர் பசையால் ஃபோமில் ஒட்டுங்கள். தொடைக் கவசத்தை இறுக்கிக் கட்டினாலும் நடக்க நடக்க இறங்கும்; பெல்ட்டிலிருந்து தொங்கவிடுங்கள். தலைக்கவசத்துக்குள் 5 வோல்ட் சிறு விசிறி ஒன்று காற்றை வெளியே தள்ளும்படி இருந்தால் முகப்புக் கண்ணாடியில் ஆவி படிவது குறையும். 3டி பிரின்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கால் அச்சிட்ட தலைக்கவசத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது 60 டிகிரி செல்சியஸ் அருகே இளகத் தொடங்கும். மூடிய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தாண்டிவிடும்.