வெறும் வயிற்று ஓட்டம்: நான் மாற்றியது

சுங்கை சிப்புட்டில் விடியற்காலை வெறும் வயிற்றில் ஓடுவது என் வழக்கம். சமதரையில் பிரச்சினை இல்லை. செம்பனைத் தோட்டத்து மேட்டில் வேகம் கூட்டினால் மட்டும் கண் இருட்டும். இரவுக்குள் ஈரலின் கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்து வைத்த மாவுச்சத்து, இறங்கிவிடும். வேக ஓட்டத்துக்கோ மாவுச்சத்துதான் முக்கிய எரிபொருள். சரி என்று மேடு ஏறும் நாளில் மட்டும் கிளம்பும் முன் பீசாங் எமாஸ் பழமும் தண்ணீரும். மெதுநடை நாளில் கோப்பி ஓ கோசோங் போதும். தலைசுற்றல் நின்றது.

வெறும் வயிற்றில் கொழுப்பு கூடுதலாக எரியும், உண்மைதான். ஆனால் எடையை முடிவு செய்வது முழு நாள் சாப்பாடு. ஓடி வந்து ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முன்னால் உட்கார்ந்தால் அப்புறம் என்ன மிச்சம்? சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்கவே கூடாது. என் தம்பிக்கோ உடம்பு ஏற வேண்டும். அவன் முட்டையும் தோசையுமாகப் பசியாறிவிட்டுத்தான் எடை தூக்குகிறான்.