பழைய கார் டேஷ்போர்டை ஒட்டும்போது செய்யக்கூடாதவை

மார்ச், ஏப்ரலில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கை வைத்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பாலக்காட்டில் வெளியே 40 டிகிரி என்றால், முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் 70 டிகிரியைத் தொடும். இருபது வருடம் அப்படி வெந்த மாருதி 800, ஜென், சான்ட்ரோ எதுவானாலும் சரி, ஏசி வென்ட்டும் மீட்டர் மூடியும் ஸ்டீரியோவைச் சுற்றிய சட்டமும் காய்ந்த பனையோலை மாதிரி படக்கென்று முறியும். சூடும் புற ஊதாக் கதிரும் பிளாஸ்டிக்கின் நீளமான மூலக்கூறுகளை அறுத்துவிட்டன. எந்த பாலிஷ் போட்டாலும் அவை திரும்பச் சேராது. முறிந்த இடத்தைப் பலப்படுத்தலாம், அவ்வளவுதான்.

எடுத்ததும் ஃபெவிக்விக்கைத் தேடுவதுதான் முதல் தவறு. என்ன பிளாஸ்டிக் என்று தெரியாமல் பசை வாங்கக்கூடாது. பேனலைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பின்பக்கம் ஆங்கிலத்தில் ஏபிஎஸ் என்றோ பிபி என்றோ அச்சு இருக்கும். ஏபிஎஸ் கெட்டியான ஒரு பிளாஸ்டிக் ரகம், பிபி என்றால் பாலிபுரோப்பிலீன். இதன் மேல் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. ஒட்டியது போலத் தெரியும், கொஞ்சம் வளைத்தால் பசை தனியாகப் பாலாடையாக உரிந்து வரும். அதற்கென்று விற்கும் பிரைமர் தடவிவிட்டு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் சூடு வைத்து இணைக்க வேண்டும்.

அச்சு இல்லையா? தண்ணீரில் போட்டு மிதந்தால் பிபி, மூழ்கினால் ஏபிஎஸ் என்று சொல்வார்கள். டேஷ்போர்டுக்கு இதை நம்பாதீர்கள். கார் பேனல்களில் பிபியோடு டால்க் பொடி கலப்பது வழக்கம். 20 சதவீதம் கலந்தாலே அதுவும் மூழ்கிவிடும். வெளியே தெரியாத ஒரு மூலையில் அசிட்டோன் என்ற கரைப்பானைத் தொட்ட பஞ்சை வைத்துப் பார்ப்பதுதான் உருப்படியான வழி. பிசுபிசுத்தால் ஏபிஎஸ். ஒன்றும் ஆகாவிட்டால் பிபியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏபிஎஸ் என்றால் வேலை சுலபம். அதே ரகப் பிளாஸ்டிக்கின் துணுக்குகளை அசிட்டோனில் ஊறவைத்தால் கூழாகும். அதை விரிசலின் பின்பக்கம் பூசினால் இரண்டு பக்கமும் கரைந்து ஒன்றாகிவிடும். கண்ணாடிப் பாட்டிலில் ஊறவையுங்கள். டீக்கடை பிளாஸ்டிக் கப்பில் ஊற்றினால் கப்பும் சேர்ந்து கரைந்துவிடலாம். பக்கத்தில் நெருப்பு கூடாது. அன்றைக்கே எடுத்துப் பூட்டுவதுதான் இங்கே பலரும் செய்கிற தப்பு. உள்ளே அசிட்டோன் ஆவி இருக்கும்வரை இணைப்பு இளகித்தான் இருக்கும், இரண்டு நாளாவது விடுங்கள். முன்பக்கம் ஒரு சொட்டு வழிந்தாலும் பேனல் மேல்பரப்பின் சொரசொரப்பு போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சால்டரிங் அயர்னால் உருக்கி இணைக்கும்போது வெறுமனே கோடு இழுத்தால் பலம் வராது. மெல்லிய ஸ்டீல் வலைத் துண்டைப் பின்பக்கம் வைத்து, அது பிளாஸ்டிக்குள் அமிழும் அளவுக்குச் சூடு கொடுங்கள். புகை வருகிறதென்றால் சூடு அதிகம். திறந்த இடத்தில் செய்யுங்கள். பிவிசி தோல் போர்த்திய பாகத்தில் இந்த வேலையே வேண்டாம், அதன் புகை அமிலப் புகை.

அடுத்தது ஸ்க்ரூ. என்னைக் கேட்டால் டேஷ்போர்டை வெயிலைவிட அதிகம் உடைப்பது ஸ்க்ரூ டிரைவர்தான். ஸ்க்ரூ இறங்கும் பிளாஸ்டிக் தண்டு பிளந்திருந்தால் உள்ளே பசை ஊற்றிப் பயனில்லை. விரிய விடாமல் வெளியிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். தண்டை எமரித் தாளால் தேய்த்து, மெல்லிய செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, மேலே அரால்டைட் பூசுங்கள். 24 மணி நேரம் இறுகும் ரகம் வாங்குங்கள், ஐந்து நிமிட ரகம் நம் வெயிலுக்கு இளகும். (பிபி தண்டில் அரால்டைட் ஒட்டாது, அங்கே கம்பியின் பிடிதான் தாங்கும்.) திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரையில் விழும்போது ‘டக்’ என்று ஒரு சின்ன உணர்வு வரும். அதற்கப்புறம் வலப்பக்கம். நேரே அழுத்தித் திருகினால் புது மரை வெட்டிக்கொண்டு இறங்கும், இரண்டு மூன்று தடவையில் தண்டு காலி. கழன்று வராமல் இருக்கட்டும் என்று இரும்பு போல்ட்டுக்குப் போடும் லாக்கிங் திரவத்தை ஊற்றுவதும் ஆபத்து. ஏபிஎஸ்ஸில் அது விரிசல் உண்டாக்கும்.

கிளிப் இருக்கிற பேனலைக் காலைக் குளிர்ச்சியில் நெம்பாதீர்கள். கொஞ்சம் வெயில் பட்டு இளகிய பிறகு, இரும்பு இல்லாத தட்டையான ஏதாவது ஒன்றால், கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள். டேஷ்போர்டில் டபுள் டேப் போட்டு அமர்த்திய பழனி முருகனையும் குருவாயூரப்பனையும் இழுத்துப் பிடுங்கினால் மேல்தோலும் கூட வரும். ஹேர் டிரையரால் சூடு காட்டி, தூண்டில் நரம்பை அடியில் விட்டு அறுத்து எடுங்கள். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெயோ சிலிக்கான் பாலிஷோ தடவிய இடத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் எந்தப் பசையும் போடக்கூடாது. பெட்ரோல் போட்டுத் துடைப்பதை விட்டே விடுங்கள்.

ஏர்பேக் உள்ள காரில் அதன் மூடியை ஒட்டவோ பின்னால் வலை வைக்கவோ வேண்டாம். அது கிழிந்து திறக்க வேண்டிய இடம். பக்கத்தில் வேலை இருந்தால் பேட்டரியைக் கழற்றி, கார் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து தொடங்குங்கள்.

இதெல்லாம் வேண்டாம், பழைய பார்ட்ஸ் கடையில் முழு பேனல் வாங்கிவிடலாம் என்றால் கோவை வரை போய் வரலாம்தான். ஆனால் அதுவும் இதே வெயிலில் வெந்த வண்டியிலிருந்து வந்ததாக இருக்கலாம். காசு கொடுப்பதற்கு முன் பின்பக்கத்து லாக் ஒன்றை விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். வளையாமல் வெளிறிக் கோடு விழுந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.