பீங்கான் கோப்பையில் குறும்புப் பூனை: வரைவது முதல் சுட்டு எடுப்பது வரை

வெள்ளைக் கோப்பையில் பூனை வரைவது எளிது. பலமுறை தேய்த்துக் கழுவிய பிறகும் அதன் மீசை அழியாமல் இருக்க வேண்டும், அதுதான் விஷயம். அதற்கான முறையைச் சொல்கிறேன்.

சாதாரண பெர்மனென்ட் மார்க்கரில் வரைந்து ஓவனில் வைத்தால் போதும் என்று பலரும் சொல்வார்கள். நம்ப வேண்டாம். பீங்கானின் பளபளப்பான மேல்பூச்சு (கிளேஸ்) கண்ணாடி மாதிரி வழவழப்பானது. அந்த மை அதில் நன்றாகப் பிடிக்காது, கழுவக் கழுவ மங்கிவிடும். சூட்டில் இறுகும் பீங்கான் பெயின்ட்தான் வேண்டும். பெபியோ நிறுவனத்தின் 'போர்சிலைன் 150' எனக்குப் பிடித்தது. பேனாவாகவும் கிடைக்கிறது, பாட்டிலிலும் கிடைக்கிறது. உடலுக்கு வண்ணம் நிரப்ப பாட்டிலும் பிரஷும், கண், மூக்கு, கோடுகளுக்கு மெல்லிய முனைப் பேனா. எல்லாவற்றையும் பேனாவிலேயே தீட்டினால் வண்ணம் திட்டுத் திட்டாக நிற்கும்.

கோப்பையை சோப்பு போட்டுக் கழுவி, உலர்ந்ததும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். அதன்பின் வரையும் பக்கத்தில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகிப் போகும்.

இனி படம். பாத்திரத்தின் வடிவத்தைப் பார்த்த பிறகே விலங்கைத் தேர்ந்தெடுங்கள். கைப்பிடி பூனைக்கு வாலாகலாம், யானைக்குத் தும்பிக்கையாகலாம். வட்டத் தட்டு என்றால் முழுத் தட்டுமே ஆமையின் ஓடு. முகம் குழந்தைத்தனமாக வர வேண்டுமானால் நெற்றியைப் பெரிதாக்கி, கண்களைப் பெரிதாகவும் முகத்தின் பாதிக்குக் கீழேயும் வையுங்கள். பெரிய நெற்றி, பெரிய கண், உப்பிய கன்னம் ஆகியவற்றைக் கண்டால் நமக்குள் பாசம் சுரக்கிறது என்று விலங்கியலாளர் கோன்ராட் லோரென்ஸ் 1943-இல் எழுதினார். வரைந்து பாருங்கள், கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினாலே முகம் மாறிவிடும்.

டிரேசிங் பேப்பரில் வரைந்து, பின்பக்கம் 4பி பென்சிலால் நன்றாகத் தேய்த்து, கோப்பையில் ஒட்டி, கோட்டின்மேல் பால்பாயின்ட் பேனாவால் அழுத்துங்கள். வளைவில் காகிதம் சுருங்கினால் ஓரங்களில் சின்னச் சின்ன வெட்டுகள் போடுங்கள், படிந்துவிடும்.

வாய் வைக்கும் விளிம்பிலிருந்து 2 செ.மீ. வரைக்கும், உணவு படும் உட்பக்கத்திலும் பெயின்ட் வேண்டாம். ஒரு வண்ணம் காய்ந்த பிறகே அடுத்தது, அவசரப்பட்டால் மேல்கோடு அடிவண்ணத்தைக் கரைத்துக்கொண்டு வரும். மீசைக்கு என் வழி வேறு: முகத்தின் வண்ணம் பாதி காய்ந்திருக்கும்போது பல் குத்தும் குச்சியால் கீறினால் அடியிலுள்ள வெள்ளை தெரியும். பேனாவால் இவ்வளவு மெல்லிய கோடு வராது.

சுடும் கட்டத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், நானும் இங்கேதான் வெகுநாள் நின்றேன். வரைந்ததை முதலில் 24 மணி நேரம் உலர விடுங்கள். மேலே காய்ந்தது போலத் தோன்றினாலும் அடியில் ஈரம் இருக்கும், சூட்டில் அது ஆவியாகிக் குமிழ் குமிழாகக் கிளம்பும். பிறகு குளிர்ந்த ஓவனில் கோப்பையை வைத்து, அதற்கப்புறம் 150 டிகிரி செல்சியஸுக்குத் திருப்புங்கள். சூடான ஓவனுக்குள் சட்டென்று வைத்தால் பீங்கான் விரிசல் விடலாம். அந்தச் சூட்டில் 35 நிமிடம் சுட வேண்டும். இந்தக் கணக்கு, ஓவன் 150-ஐத் தொட்ட பிறகே தொடங்குகிறது. ஸ்விட்ச் போட்ட நேரத்திலிருந்து எண்ணினால் பெயின்ட் அரைகுறையாகத்தான் இறுகும். திருகில் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பல ஓவன்களில் ஒன்றாக இருப்பதில்லை, அதனால் தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் கட்டாயம் வாங்குங்கள். சூடு கூடினால் வெள்ளையும் வெளிர் வண்ணங்களும் பழுப்பேறும். முடிந்ததும் அணைத்துவிட்டு, ஓவனுக்குள்ளேயே முழுக்க ஆற விடுங்கள். மிச்சமிருக்கும் பென்சில் கோடுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: மெலமைன் (ஒருவகைக் கெட்டியான பிளாஸ்டிக்) தட்டில் செய்யலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கூடாது, மெலமைனை ஓவனில் வைக்கவே கூடாது. வேறு கம்பெனி பெயின்ட் வைத்திருப்பவர்கள் என் கணக்கை விட்டுவிட்டு அந்த பாட்டிலில் போட்டிருக்கும் சூட்டையும் நேரத்தையும் பின்பற்றுங்கள். பொன், வெள்ளி நிறப் பெயின்ட் தீட்டியதை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். கழுவ மென்மையான ஸ்பாஞ்ச் போதும், கம்பி நார் வேண்டாம்.